போர்டில் உள்ள வருஷம் சரியா? மலை ஊர்க் கடையின் வயதைக் கணக்கு நோட்டில் பார்ப்பது எப்படி

[காட்சி: குன்னூர் மார்க்கெட். பழைய மளிகைக் கடையின் போர்டில் 'ஸ்தாபிதம்' என்ற சொல்.]

குரல்: நீலகிரியில் மூன்று தலைமுறை கண்ட கடை என்றால் போர்டில் ஒரு வருஷம் கட்டாயம் இருக்கும். அது தாத்தா மலையேறி வந்த வருஷமா, கட்டடம் எழும்பிய வருஷமா? நீலகிரிஸ் சூப்பர் மார்க்கெட் சொல்லும் 1905, குன்னூர்ப் பக்கம் தொடங்கிய வெண்ணெய் வியாபாரத்தின் வருஷம். பெங்களூரு பிரிகேட் ரோட்டுக்குப் போனது 1936-ல். இரண்டும் சரிதான், ஆனால் ஒரே கடையின் வயது இல்லை. அதனால் போர்டை விட்டுவிட்டுப் பரணில் இருக்கும் நோட்டுகளை இறக்குவோம்.

[காட்சி: துணியில் சுற்றிய பேரேடுகள், வெண்பூஞ்சை படிந்த அட்டை.]

குரல்: பனியும் மழையும் உள்ள ஊரில் காகிதம் ஈரம் குடித்திருக்கும். வெயிலிலோ அடுப்படியிலோ வைத்தால் தாள் சுருண்டு அட்டை வளைந்துவிடும். சில நாள் நிழலில் காற்றாட விடுங்கள். தாள்களுக்கு நடுவே அச்சடிக்காத நியூஸ் பிரிண்ட் வைத்து, ஈரமானதும் மாற்றுங்கள். பூஞ்சை காய்ந்து தூளான பிறகு, மாஸ்க் போட்டு, வெளியில் வைத்து, மெல்லிய பிரஷ்ஷால் தையலிலிருந்து ஓரம் நோக்கித் தள்ள வேண்டும். ஈரத் துணி வேண்டவே வேண்டாம். ஊதா காப்பியிங் பென்சில் எழுத்து தண்ணீர் பட்டால் ஓடிவிடும். இந்த வேலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம்.

[காட்சி: பேரேட்டின் முதல் பக்கம். பிள்ளையார் சுழி, மஞ்சள் கறை, 'குரோதி வருஷம் சித்திரை'.]

குரல்: புதுக்கணக்கு சித்திரையில் தொடங்கும், அதனால் தமிழ் வருஷப் பெயர்தான் முதலில் கண்ணில் படும். சிக்கல் என்னவென்றால், அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். குரோதி 1904-05-லும் உண்டு, 1964-65-லும் உண்டு. எது என்று காசுதான் சொல்லும்.

'3-7-6' என்று மூன்று பத்தியாக இருந்தால் மூன்று ரூபாய், ஏழணா, ஆறு பை. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. நூறு பைசா கணக்கு வந்தது 1957 ஏப்ரல் 1-ல். ஆகவே அணாவில் எழுதிய குரோதி, பெரும்பாலும் 1904-தான். பில்லில் 'ந.பை.' என்று அச்சிட்டிருந்தால் இன்னும் நல்லது: நயா பைசா என்ற பெயர் 1957 முதல் 1964 வரைதான் புழங்கியது.

எடையும் பேசும். வீசை, பலம் என்றால் பழைய கணக்கு. வீசைக்கு 40 பலம், ஏறக்குறைய 1.4 கிலோ. கிலோ 1958 அக்டோபரில் வரத் தொடங்கி, 1962-ல் கட்டாயமானது. ஆனால் படியை மட்டும் நம்பாதீர்கள். சட்டம் மாறிய பிறகும் அரிசி படியில்தான் அளந்தார்கள்.

[காட்சி: பில் புத்தகத்தின் தலைப்பு, மிக அருகில்.]

குரல்: தலைப்பில் பின்கோடு இருந்தால், அது 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு அடித்தது. 'மதராஸ் மாநிலம்' என்றால் 1969-க்கு முன். கொடைக்கானல் கடை 'மதுரை ஜில்லா' என்று போட்டிருந்தால் 1985-க்கு முன், அப்போதுதான் திண்டுக்கல் தனி மாவட்டமானது. 'தேயிலை', 'விற்பனை' என்ற சொற்களில் லை, னை பழைய தும்பிக்கை வடிவில் இருக்கிறதா பாருங்கள். சீர்திருத்த எழுத்து அரசாணையானது 1978-ல். (பெரியாரின் விடுதலை இதழ் அதை 1935-லேயே பயன்படுத்தியது. பெரியார் பக்தி உள்ள முதலாளி என்றால் கணக்கு மாறும்.)

அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. அச்சு சொல்வது அடித்த காலத்தை, கிழித்த காலத்தை அல்ல. ஆயிரம் பில் அடித்துவிட்டு, தீரும்வரை பத்து வருஷம் ஓட்டும் கடை உண்டு. கையால் எழுதிய தேதி, காசு, எடை மூன்றையும் சேர்த்துப் பார்த்த பிறகே முடிவு.

சரக்கு வந்த ரசீதில் ஸ்டேஷன் பெயரைத் தேடுங்கள். ரயில் குன்னூருக்கு 1899-ல் வந்தது, உதகைக்கு 1908-ல். உதகைக் கடையின் சரக்கு குன்னூரில் இறங்கி வண்டியேறியிருந்தால் 1908-க்கு முந்தியதாக இருக்கலாம்.

[காட்சி: வாடகை ரசீதுகள், பற்று நோட்டு.]

குரல்: உதகை, குன்னூர் மார்க்கெட் கடைகள் நகராட்சிக்குச் சொந்தம். அதனால் பட்டா தேடி அலையாமல் வாடகை ரசீதில் பெயர் மாறிய வருஷத்தைப் பாருங்கள். ஆனால் பெயர் மாறினால் தலைமுறை மாறிவிட்டது என்று அர்த்தமில்லை. பாகப்பிரிவினைக்காகத் தம்பி பெயருக்கோ மனைவி பெயருக்கோ மாற்றியிருப்பார்கள்.

என்னைக் கேட்டால், நிறையச் சொல்வது வாடிக்கையாளர் கடனை எழுதும் பற்று நோட்டுதான். எஸ்டேட் பெயர், தொழிலாளர் குடியிருந்த லைன் வீடு, சம்பள நாளில் வந்த வரவு எல்லாம் அதில் இருக்கும். 1990-களின் கடைசியில் பசுந்தேயிலை விலை விழுந்தபோது, பற்று ஏறி வரவு சுருங்கியதா என்று அந்த வருஷப் பக்கங்களைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

படமெடுக்கும்போது அட்டையிலிருந்து வெற்றுப் பக்கம் வரை வரிசை தவறாமல் எடுங்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால் மங்கிய பென்சில் எழுத்தின் அழுத்தம்கூடத் தெரியும். தாளை லேமினேட் செய்யாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. குறிப்பில் ஒற்றை வருஷம் போடாமல், '1957-க்கும் 1962-க்கும் இடையில்; ஆதாரம்: ந.பை., வீசை' என்று எழுதி வையுங்கள்.