ஜாம் எதற்கு உதவியது, நடுவர் அவர்களே?

நடுவர் ஐயா அவர்களே, தீர்ப்பைக் கையில் வாங்கிவிட்ட மாதிரி சாவகாசமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, வந்திருக்கும் பெரியோர்களே, பெரியவர்களை இழுத்துவந்திருக்கும் குழந்தைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

'டெஸ்பிக்கபிள் மீ 2 படத்தில் க்ரூவை நல்ல அப்பாவாக்கியது திருந்திய மனமா, திருந்தாத வில்லத்தனமா?' இதுதான் தலைப்பு. எனக்குக் கிடைத்தது வில்லத்தனம். அணி பிரித்தபோது வீட்டில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை.

எதிரணித் தலைவர் அம்மா அருமையாகப் பேசினார்கள். க்ரூ திருட்டை விட்டான், ஜாம் காய்ச்சும் தொழிலுக்கு வந்தான், மகளின் பிறந்தநாளுக்குத் தேவதை வேஷம் கட்டினான், எல்லாம் மனம் திருந்தியதன் அடையாளம் என்றார்கள். அந்தத் தேவதையைச் சொன்னபோது குரல்கூடத் தழுதழுத்தது. தேவதைக்குக் கடைசியில் வருகிறேன் அம்மா. முதலில் ஜாம்.

படம் பார்க்காத பெரியவர்களுக்காக இரண்டு வரி. இது கார்ட்டூன் படம். 2010இல் வந்த முதல் பாகத்தில் க்ரூ நிலாவைத் திருடப் போகிறவன். போட்டி வில்லன் வெக்டரின் கோட்டைக்குள் நுழைய ஒரு வழி வேண்டும். அதற்காகவே அனாதை இல்லத்திலிருந்து மார்கோ, ஈடித், ஆக்னஸ் என்று மூன்று பெண் குழந்தைகளைத் தத்து எடுக்கிறான். கருவியாக வந்த பிள்ளைகள் மகள்களாகிவிடுகிறார்கள். 2013இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவன் முழுநேர அப்பா. நாம் பேசுவது இந்த இரண்டாம் பாகத்தை.

சரி, ஜாம். வீட்டுக்கு அடியில் ராக்கெட்டும் துப்பாக்கியும் செய்துகொண்டிருந்த அதே பட்டறையில் இப்போது ஜாம் கொதிக்கிறது. ஐயா, திருந்திய மனம் சொந்தமாக யோசித்து, சொந்தமாக இறங்கிச் செய்த ஒரே தொழில் இந்தப் படத்தில் இதுதான். இதன் ருசி என்ன? வாயில் வைக்க முடியவில்லை. க்ரூவிடம் எடுபிடி வேலை பார்க்கும் குட்டி மஞ்சள் ஜந்துக்கள், எது கொடுத்தாலும் விழுங்குகிற மினியன்களே முகத்தைச் சுளிக்கின்றன. இத்தனை வருஷம் கூடவே இருந்து ஆயுதம் செய்துகொடுத்த விஞ்ஞானி டாக்டர் நெஃபாரியோ, 'எனக்குப் பழைய கெட்ட வேலைதான் ஒத்துவரும்' என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

அந்த ஜாம் கடைசியில் எதற்காவது உபயோகப்பட்டதா? பட்டது. மனம் மாறித் திரும்பி வந்த நெஃபாரியோ அதில் மாற்று மருந்தைக் கலக்கிறார். அதைத் துப்பாக்கியில் ஏற்றி, ஊதா நிறத்தில் வெறிபிடித்து அலையும் மினியன்களின் வாயைப் பார்த்துச் சுடுகிறார்கள். மினியன்கள் பழையபடி மஞ்சளாகின்றன. பாட்டிலில் இருந்தவரை விலைபோகாத சரக்கு, துப்பாக்கிக்குள் போனதும் ஊரைக் காப்பாற்றியது. ஜாம் காய்ச்சியது உங்கள் அணி, துப்பாக்கி எங்கள் அணி. கணக்கை நடுவர் ஐயா போட்டுக்கொள்ளட்டும்.

அடுத்து, அந்த ஊதா மினியன்களிடமே வருகிறேன். ஆர்க்டிக் பகுதியில் ஓர் ஆய்வுக்கூடத்தை யாரோ ராட்சதக் காந்தம் வைத்து அப்படியே கட்டடத்தோடு தூக்கிவிடுகிறார்கள். உள்ளே இருந்தது பிஎக்ஸ்-41 என்கிற மருந்து. ஊசி ஏறினால் சாதுவும் ஊதா நிறத்துக்கு மாறி, மயிர் சிலிர்த்து, கண்ணில் பட்டதையெல்லாம் கடித்துத் தின்கிற ஜந்துவாகிவிடும். பழைய ஆளின் சுவடு ஒன்றும் மிஞ்சாது. இந்தப் படத்திலேயே தலை முதல் கால் வரை முழுசாக மாறுகிறவர்கள் யார் என்று தேடினால் இவர்கள்தான் கிடைக்கிறார்கள். எதிரணி சொல்கிற மாதிரி க்ரூ பழையதெல்லாம் போய் வேறு ஆளாகியிருந்தால், அவனுக்கும் யாரோ ஊசி போட்டிருக்க வேண்டும். அப்படியா நடந்தது? அதே மூக்கு, அதே கழுத்துத்துணி, நடிகர் ஸ்டீவ் கரெலின் குரலில் எந்த ஊர் உச்சரிப்பு என்றே பிடிபடாத அதே இழுவை, அதே ஆயுதப் பரண். எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது. அவற்றை எடுத்து நீட்டுகிற பக்கம்தான் மாறியிருக்கிறது.

இந்த மருந்துத் திருட்டைக் கண்டுபிடிக்க வில்லன் எதிர்ப்புச் சங்கம் யாரைத் தேடி வருகிறது? ஊரில் நல்லவர்களுக்குப் பஞ்சமா? துப்பறிவாளர் எத்தனையோ பேர். சங்கத்துத் தலைவர் சைலஸ் ராம்ஸ்பாட்டம் ஆளை அனுப்பி, உதட்டுச்சாய வடிவில் இருக்கும் மின்கருவியால் மயங்க வைத்து, காரில் போட்டு, அந்தக் காரோடு கடலுக்குள் இறக்கிக் கொண்டுவருவது நம்மாளைத்தான். பாம்பின் கால் பாம்பறியும் என்று நம் பாட்டிகளுக்கே தெரிந்தது அந்தச் சங்கத்துக்கும் தெரிந்திருக்கிறது. க்ரூ முதலில் மறுக்கிறான், 'நான் இப்போது அப்பா, ஜாம் வியாபாரி' என்கிறான். எதிரணி இதைப் பிடித்துக்கொண்டு கைதட்டியது. நெஃபாரியோ போன மறுகணம் அதே வேலையை ஒப்புக்கொள்கிறானே, அந்தக் காட்சியில் யாரும் தட்டவில்லை.

வேலை எங்கே? ஒரு பெரிய வணிக வளாகத்தில். மறைவுக்கு ஒரு கப்கேக் கடை, கூட்டாளி லூசி வைல்ட். அங்கே எடுவார்டோ என்று ஒரு மெக்சிகோ உணவகக்காரர் வருகிறார். பெரிய தொப்பை, பெரிய சிரிப்பு. விழாவுக்கு 200 கப்கேக் வேண்டும், எல்லாவற்றிலும் மெக்சிகோ கொடி வேண்டும் என்கிறார். வாடிக்கையாளர் வந்துபோகிறார், அவ்வளவுதான் என்று நாம் விட்டுவிடுவோம். க்ரூ விடவில்லை. இவன் எல் மாச்சோ என்கிறான். எல் மாச்சோ பல வருஷத்துக்கு முன்பே செத்துப்போன வில்லன். எப்படிச் செத்தான் தெரியுமா? ஒரு சுறாமீன் மேல் ஏறிக்கொண்டு, நெஞ்சில் 250 பவுண்டு வெடிமருந்தைக் கட்டிக்கொண்டு, எரிமலை வாய்க்குள் பாய்ந்தானாம். கருகின கொஞ்சம் நெஞ்சு மயிர் மட்டும்தான் கிடைத்ததாம். இப்படி ஒருவன் சாவதை நம்புகிற உலகத்தில், 'இல்லை, இவன் சாகவில்லை, சல்சா விற்றுக்கொண்டிருக்கிறான்' என்று முகத்தைப் பார்த்தே சொல்ல அதே தொழிலில் இருந்தவனால்தான் முடியும். சங்கம் நம்பவில்லை. பொய்முடிக் கடைக்காரர் ஒருவரைப் பிடித்துப்போட்டு வழக்கை முடித்துவிட்டது. யார் சொன்னது சரியாக இருந்தது? க்ரூ சொன்னதுதான்.

இங்கே எதிரணியிலிருந்து ஒரு தம்பி கேட்டார்: 'க்ரூவுக்கு எடுவார்டோ மேல் சந்தேகம் வரக் காரணம், அவர் மகன் அன்டோனியோ மார்கோவிடம் பழகியதுதானே? அது தகப்பன் மனசு இல்லையா?' நல்ல கேள்வி தம்பி. மார்கோ அந்தப் பையனைப் பார்த்துச் சிரித்த நிமிஷத்திலிருந்து க்ரூவுக்கு அந்தக் குடும்பமே ஆகவில்லை என்பது உண்மை. ஆனால் நான் திருப்பிக் கேட்கிறேன்: மகளிடம் பேசுகிற பையனின் குலம் கோத்திரம், போக்குவரத்து, பின்னணி எல்லாவற்றையும் துருவுகிற அப்பாவுக்கும், ஒரு வங்கியைக் கொள்ளையடிக்கும் முன் அதன் வாசலை நாலு நாள் நோட்டம் விடுகிறவனுக்கும் என்ன வித்தியாசம்? இந்த அரங்கத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் இருக்கிறீர்கள். மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். நான் என் மகளின் டியூஷன் வாசலில் எத்தனை நாள் தூணுக்குப் பின்னால் நின்றிருக்கிறேன் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. அவள் மூன்றாவது வரிசையில் இருக்கிறாள்.

அந்த அன்டோனியோ விழாவில் வேறொரு பெண்ணோடு ஆடப் போய்விடுகிறான். மார்கோ உடைந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள். க்ரூ இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்கிறான். அப்புறம் போகிற போக்கில் உறைய வைக்கும் துப்பாக்கியை எடுத்துப் பையனை ஒரு பனிக்கட்டியாக்கிவிட்டுப் போகிறான். அது எந்தத் துப்பாக்கி? முதல் பாகத்தின் தொடக்கத்தில் காபிக் கடையில் வரிசை நீளமாக இருக்கிறது என்று, நின்றவர்களை எல்லாம் உறைய வைத்துவிட்டுத் தன் காபியை எடுத்துக்கொண்டு போனானே, அதே வித்தை. அன்றைக்கு ஒரு காபிக்காக. இன்றைக்கு மகளின் கண்ணீருக்காக. திருந்திய மனம் 'மறப்போம் மன்னிப்போம்' என்று பாடம் நடத்தியிருக்கும், மார்கோ இன்னும் அழுதிருப்பாள்.

ஒரு இடத்தில் எங்கள் அணி பலவீனம்தான், ஒப்புக்கொள்கிறேன். நிலாவைச் சுருக்கிச் சட்டைப்பைக்குள் போடத் துணிந்தவனுக்கு லூசியை ஒரு தொலைபேசியில் கூப்பிடத் தைரியம் வரவில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் ஒரு சிறுமி மேல் இவன் கை பட்டுவிட்டது என்று மற்ற பிள்ளைகள் அலறிக்கொண்டு சிதறி ஓடியதைக் காட்டுகிறார்கள். அந்த வடு அப்படியே இருக்கிறது. தொலைபேசியை முறைத்து முறைத்துப் பார்த்து, கடைசியில் நெருப்புக் கக்கும் துப்பாக்கியை எடுத்து அதைக் கொளுத்துகிறான். இந்த நோய்க்கு வில்லத்தனத்தில் மருந்து இல்லை. இந்த ஒரு மதிப்பெண்ணை எதிரணி எடுத்துக்கொள்ளட்டும்.

ஆனால் அந்த மதிப்பெண்ணும் கைநழுவிப் போகிறது, பாருங்கள். எல் மாச்சோ லூசியைப் பிடித்துவிட்டான் என்று செய்தி வருகிறது. க்ரூ என்ன செய்கிறான்? இரண்டு மினியன்களுக்கு ஊதாச் சாயம் பூசி, அவை தன்னைச் சிறைபிடித்து வருகிற மாதிரி நடித்து, எதிரியின் கோட்டைக்குள் நடந்தே போகிறான். உள்ளே லூசியை ஒரு ராக்கெட்டோடு கட்டியிருக்கிறார்கள், ராக்கெட்டில் பழைய கதையில் வந்த மாதிரியே ஒரு சுறா, வெடிமருந்து வேறு. அது கிளம்பி எரிமலையை நோக்கிப் பறக்கிறது. க்ரூவும் தொற்றிக்கொள்கிறான். கட்டை அவிழ்க்கப் போராடிக்கொண்டே, உயிர் போகிற அந்த நேரத்தில்தான் அவளிடம் கேட்கிறான், என்னோடு வெளியே வருவாயா என்று. வீட்டில் பத்திரமாக, பக்கத்தில் தொலைபேசி வைத்துக்கொண்டு வராத வார்த்தை, சுறாவும் வெடிமருந்தும் இருந்தால்தான் வாயில் வருகிறது! இருவரும் கடலில் குதிக்கிறார்கள். 147 சந்திப்புகளுக்குப் பிறகு கல்யாணம். அந்த லூசியும் சாமானியம் இல்லை. க்ரூவோடு சாப்பிட வந்த ஷானன் என்கிற பெண் அவனது பொய்முடியைப் பிடித்து மானத்தை வாங்கப் போனபோது, மயக்க ஊசியால் சுட்டுக் கவிழ்த்தவள். பாத்திரம் அறிந்துதான் மூடி அமைந்திருக்கிறது.

இன்னொரு காட்சி. ஆக்னஸ் பள்ளியில் அன்னையர் தின நிகழ்ச்சிக்கு ஒரு பாட்டு ஒப்பிக்க வேண்டும். அம்மா காயத்துக்கு முத்தம் கொடுப்பாள், தலை பின்னுவாள் என்று வரும். குழந்தை அதை இயந்திரம் மாதிரி ஒப்பிக்கிறது. கேட்டால், எனக்குத்தான் அம்மா இல்லையே, வேறு யாராவது சொல்லட்டும் என்கிறது. திருந்திய மனம் இங்கே கட்டிப்பிடித்து அழுதிருக்கும். க்ரூ என்ன சொல்கிறான்? படைவீரர் தின நிகழ்ச்சியில் நடித்தாயே, போருக்கா போய்வந்தாய், இதையும் கற்பனை செய்துகொள் என்கிறான். காலமெல்லாம் வேஷம் போட்டவன் சொல்லித்தரும் தொழில் ரகசியம் இது. குழந்தை அந்த வழியில் போய், அம்மா இருக்கிறாள் என்று பாவித்துப் பாவித்துப் பழகி, கடைசியில் கல்யாண மேடையில் லூசியைப் பார்த்து அதே பாட்டைச் சொல்கிறபோது, அங்கே இயந்திரம் இல்லை.

7.6 கோடி டாலரில் எடுத்து, உலகமெங்கும் சுமார் 97 கோடி டாலர் வசூலித்த படம் இது. அவ்வளவு பேரும் ஜாம் பார்க்கப் போனார்கள் என்று எதிரணி சொல்லுமானால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

மணி அடித்துவிட்டார்கள் ஐயா, கடன் பாக்கி ஒன்று இருக்கிறது. தேவதை.

ஆக்னஸின் பிறந்தநாளுக்கு வருவதாக இருந்த தேவதை வேஷக்காரர் வராமல் போய்விட, க்ரூவே இளஞ்சிவப்புப் பாவாடையும் பொன்முடியும் மாட்டிக்கொண்டு கயிற்றில் தொங்கியபடி இறங்குகிறான். எதிரணித் தலைவர் அம்மா இதோடு நிறுத்திவிட்டார்கள். நான் அடுத்த அரை நிமிஷத்தையும் சொல்கிறேன். ஆக்னஸ் பக்கத்தில் போய், யார் காதிலும் விழாமல், தேவதையின் காதில் கிசுகிசுக்கிறாள்: இது நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும், மற்ற பிள்ளைகளுக்காகத்தான் தெரியாத மாதிரி இருக்கிறேன். சொல்லிவிட்டு ஒன்றும் தெரியாத முகத்தோடு விருந்துக்குத் திரும்பிப் போகிறாள். நடுவர் ஐயா, அந்தப் பிள்ளை யாரிடம் வளர்கிறது என்று எதிரணியே சொல்லட்டும். நான் உட்காருகிறேன்.