குறைக்கு என்ன கூலி?

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

நான் பள்ளிக் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தக்கலைக்கு அருகே என் வீட்டுத் திண்ணையில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஐந்தாறு இளைஞர்கள் கூடுகிறார்கள். அவர்களுக்கு நான் ஒரு கதை விளையாட்டை நடத்தி வருகிறேன். டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்று அதற்குப் பெயர். நிலையத்தார் உரைக்கு அழைத்தபோது கணக்கைப் பற்றித்தான் பேசச் சொல்வார்கள் என்று நினைத்தேன். அவர்களோ இந்த விளையாட்டைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சுற்றி வளைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். ஒருவர் கதையை நடத்துவார், அவரை டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டி.எம். என்கிறோம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கி, அந்தப் பாத்திரமாகவே பேசிச் செயல்படுவார்கள். ஒருவர் “நான் கதவை உடைக்கிறேன்” என்று சொன்னால், இருபது முகங்கள் கொண்ட பகடையை உருட்டி, விழுந்த எண்ணோடு பாத்திரத்தின் வலிமைக்குரிய எண்ணையும் கூட்டி, டி.எம். மனத்தில் வைத்திருக்கும் எண்ணை அது எட்டுகிறதா என்று பார்ப்பார். எட்டினால் கதவு உடைந்தது. 1974ஆம் ஆண்டு கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவில் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகைக்குத் தாய். நம் வீட்டுத் தாயக்கட்டையில் காய் நகரும். இதில் கதை நகரும்.

2000ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பு, ஃபீட் என்ற ஒன்றை இந்த விளையாட்டுக்குள் கொண்டுவந்தது. தனித்திறன் என்று அதைச் சொல்லலாம். எல்லா வீரர்களும் வாள் வீசுவார்கள். ஆனால் ஒருவன் வீழ்த்திய கையோடு அடுத்தவனையும் வெட்டுவான், இன்னொருவன் ஓடிக்கொண்டே அடித்துவிட்டு விலகுவான். அந்த வேறுபாடுதான் தனித்திறன். கதை நீள நீளப் பாத்திரம் ஏறும் படிகளை நிலை என்கிறோம். முதல் நிலையில் ஒன்று, பிறகு 3, 6, 9 என்று மூன்று மூன்று நிலைகளுக்கு ஒருமுறை ஒன்று எனச் சிக்கனமாகவே அது கிடைத்தது. மனித இனப் பாத்திரத்துக்குத் தொடக்கத்தில் ஒன்று கூடுதல். பின்னர் 2004இல், அன்எர்த்ட் ஆர்க்கானா என்ற விருப்ப விதிநூல் ஒரு பேரத்தை முன்வைத்தது. உன் பாத்திரத்துக்கு ஒரு குறையை ஏற்றுக்கொள், அதற்கு ஈடாக ஒரு தனித்திறனைக் கூடுதலாகப் பெற்றுக்கொள் என்பது அந்தப் பேரம். இரண்டு குறைகள் வரை எடுக்கலாம்.

என் மேசையில் இந்த விதியை அனுமதித்தேன். அது என் பிழை என்று உணர ஆறு வாரங்கள் ஆயின. மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வரும் ஒரு பையன், கோடரி வீரன் ஒருவனை உருவாக்கினான். அவன் எடுத்த இரண்டு குறைகளில் ஒன்றின்படி, தொலைவிலிருந்து எறியும், எய்யும் தாக்குதல் எல்லாவற்றிலும் 2 குறையும். கேட்பதற்கு நியாயமாக இருந்தது. அந்தக் கோடரிக்காரன் ஆறு வாரங்களில் வில்லை ஒருமுறைகூடத் தொடவில்லை. தொடும் எண்ணமும் அவனுக்கு இருக்கவில்லை. கடலைக் கண்டிராத ஒருவன், தனக்கு நீச்சல் தெரியாது என்று சொல்லிக் கடனில் தள்ளுபடி வாங்கியதைப் போல, இல்லாத வலிக்கு அவன் கூலி வாங்கியிருந்தான். இரண்டு குறைகளுக்கு இரண்டு, இயல்பாக ஒன்று, மனிதனாகப் பிறந்ததற்கு ஒன்று என்று முதல் நாளிலேயே நான்கு தனித்திறன்கள். வீரன் என்ற வகுப்புக்குரிய கூடுதலை நான் இதில் சேர்க்கவே இல்லை. மற்ற மனிதப் பாத்திரங்கள் இயல்பான வழியில் நான்கை எட்ட 6ஆம் நிலை வரை காத்திருக்க வேண்டும்.

பையன் மீது எனக்குக் கோபம் இல்லை. விதி அவனை அப்படிச் செய்யத்தான் அழைத்தது. குறைக்குரிய கூலியை முன்பணமாகக் கொடுத்துவிட்டால், வேலையே வராத குறையைத் தேடி எடுப்பதுதான் புத்திசாலித்தனம். அந்த விதியைவிட மூத்த விளையாட்டுகளுக்கும் இந்தச் சிக்கல் தெரிந்திருந்தது. 1981இல் வந்த சாம்பியன்ஸ் குறைகளுக்குப் புள்ளி கொடுத்து, அந்தப் புள்ளிகளால் ஆற்றல்களை வாங்கவிட்டது. 1986இல் வந்த கர்ப்ஸ் அதையே பெரிய பட்டியலாக விரித்தது. கண்பார்வைக் குறைக்குக்கூட, கண்ணாடி அணிந்தால் சரியாகும் என்றால் குறைந்த புள்ளி, சரியாகாது என்றால் அதிகப் புள்ளி என்று பிரித்துப் பார்த்தது. எவ்வளவு வலிக்கிறது என்று அளந்த கை அது. ஆனாலும் கூலி முன்பணம்தான்.

இதற்கு விடை நம் கதையிலேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. பாரதத்தில் கர்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு விளையாட்டுப் பாத்திரத்தைப் போல அவனைத் தாளில் எழுதிப் பாருங்கள். பிறவியிலேயே கவச குண்டலம்: எவராலும் துளைக்க முடியாத தனித்திறன், சமநிலையைக் குலைக்கும் தனித்திறன். அவனுடைய குறை எது? கேட்டவருக்கு இல்லை என்று சொல்ல முடியாமை. இதைக் குறை என்று சொன்னால் முதியவர்கள் சிலர் என் மீது வருத்தப்படலாம். விளையாட்டு வடிவமைப்பாளனின் கண்ணுக்கு அது குறைதான், அதுவும் மிக அழகான குறை. ஏனென்றால் அது எண்ணில் எதையும் கழிக்கவில்லை. அவனை ஒரு முடிவின் முன் கொண்டுபோய் நிறுத்துகிறது. அந்தணன் வேடத்தில் இந்திரன் வருகிறான். வருபவன் யார், ஏன் கேட்கிறான் என்பதெல்லாம் கர்ணனுக்கு முன்பே தெரியும். தெரிந்தும் அறுத்துக் கொடுக்கிறான்.

அந்த இடத்தில்தான் கூலி வருகிறது. கொடுத்த பிறகு, ஒரே ஒருமுறை எறியக்கூடிய, குறி தவறாத சக்தி ஆயுதம் அவனுக்குக் கிடைக்கிறது. குறை கடித்த கணத்தில், கடித்த அளவுக்கு, ஒருமுறை மட்டும் பயன்படும் ஈடு. அந்த ஒருமுறையை அர்ச்சுனனுக்காக அவன் சேமித்து வைத்திருக்க, கடோற்கசனை இரவுப் போரில் இறக்கி அதைச் செலவழிக்க வைக்கிறான் கண்ணன். இதைவிட நேர்த்தியாக எந்த விதிநூலும் எழுதிவிடவில்லை. பரசுராமரிடம் பொய் சொல்லிக் கற்ற வித்தை வேண்டிய நேரத்தில் மறந்துபோகும் என்ற சாபமோ இன்னொரு வகை: அங்கே திறனும் குறையும் ஒரே கயிற்றில் முடியப்பட்டிருக்கின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிட முடியாது.

இன்றைய விளையாட்டுகள் சில இந்த வழிக்கு வந்துவிட்டன. ஃபேட் என்ற விளையாட்டில், பாத்திரத்தின் இயல்பு அவனைச் சிக்கலில் தள்ளும்போதுதான் ஆடுபவருக்கு ஒரு புள்ளி கிடைக்கும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பு, பாத்திரத் தாளிலேயே குறைக்கு ஓர் இடம் ஒதுக்கி, அதற்கேற்ப நன்றாக ஆடினால் இன்ஸ்பிரேஷன் என்ற பரிசைத் தர டி.எம்.முக்கு அனுமதித்தது, அதைச் செலவழித்தால் பகடையை இருமுறை உருட்டி உயர்ந்ததை எடுத்துக்கொள்ளலாம். பாதிக்குப் பாதி என்றிருந்த வாய்ப்பு அதனால் 75 விழுக்காடாகிறது. சிறிய பரிசு என்று நினைக்க வேண்டாம்.

இனி தனித்திறன்களுக்கு வருகிறேன். இங்கேதான் கணக்கு ஆசிரியருக்கு வேலை. மூன்றாம் பதிப்பில் டஃப்னஸ் என்ற தனித்திறன் உயிர்ப்புள்ளியை, அதாவது பாத்திரம் எவ்வளவு சேதம் தாங்கும் என்ற எண்ணை, 3 கூட்டும். தொடக்க நிலை மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளியே 4தான் என்றால், அது பெரும் வரம். அதே மந்திரவாதி 10ஆம் நிலைக்கு வரும்போது சராசரியாக 26 புள்ளிகளுக்கு மேல் வைத்திருப்பான். அந்த 3 அப்போது பாக்கெட்டில் கிடக்கும் சில்லறை. பின்னர் 2014 பதிப்பில் நிலைக்கு 2 என்று மாற்றினார்கள். 10ஆம் நிலையில் அது 20 ஆகிறது. வளர்கிறவனோடு சேர்ந்து வளரும் சட்டை.

இன்னொன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதே 2014 பதிப்பில் கிரேட் வெப்பன் மாஸ்டர் என்று ஒரு தனித்திறன். கனமான ஆயுதத்தை வீசுபவர், தாக்கும் எண்ணில் 5ஐ விட்டுக்கொடுத்தால், அடி பட்டபோது சேதம் 10 கூடும். 5ஐக் கொடுத்து 10 வாங்குவது நியாயமா? நூறு வீச்சுகளை எண்ணுவோம். 20 விழுந்தால் சேதம் கூடும் என்ற விதியை மட்டும் ஒதுக்கி வைக்கிறேன். சாதாரண எதிரி மீது 65 அடிகள் படும், ஒவ்வொன்றும் 11 என்றால் மொத்தம் 715. இருபதில் 5 என்பது நூறில் 25, அதனால் 5ஐ விட்டுக்கொடுத்தால் 40 அடிகள்தான் படும், ஆனால் ஒவ்வொன்றும் 21, மொத்தம் 840. கவசம் தடித்த எதிரி என்றால் கணக்கு தலைகீழாகிறது: விட்டுக்கொடுக்காமல் 45 அடிகளுக்கு 495, விட்டுக்கொடுத்தால் 20 அடிகளுக்கு 420. இதுவரை எல்லாம் சரி. யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டிய நல்ல தனித்திறன் என்று பாராட்டத் தோன்றுகிறது. ஆனால் அதே மேசையில் தோழன் ஒருவன் உதவி செய்து, அந்தச் சாதாரண எதிரி மீது பகடையை இருமுறை உருட்டும் வாய்ப்பைக் கொடுத்துவிட்டால், முன்னது ஏறத்தாழ 965, பின்னது 1344. யோசிக்க வேண்டியதே இல்லாமல் போய்விட்டது. தனித்திறனைத் தனியாகத் தராசில் வைத்தவர்கள் ஏமாறுவது இங்கேதான். பக்கத்தில் அமர்ந்திருப்பவன் கையில் என்ன இருக்கிறது என்பதும் எடையில் சேர்ந்ததே. 2024இல் திருத்திய விதிகளில் இந்தக் கொடுக்கல் வாங்கலையே எடுத்துவிட்டார்கள்.

அருமனையிலிருந்து வரும் மற்றொருவன், வர்மம் அறிந்த ஆசான் ஒருவரைப் பாத்திரமாக உருவாக்க விரும்பினான். நம் மாவட்டத்தில் இது எதிர்பார்த்ததுதான். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று 108ஐயும் எழுதிக்கொண்டு வந்து, ஒரு தொடுதலில் எவரையும் செயலிழக்கச் செய்யும் தனித்திறன் வேண்டும் என்றான். விதிநூலில் இதற்கு நெருக்கமாக ஸ்டன்னிங் ஃபிஸ்ட் உண்டு; நாளுக்கு இத்தனை முறை என்று எண்ணிக்கையால் அதைக் கட்டியிருக்கிறார்கள். எண்ணிக்கை போதும் என்று நானும் சொல்லியிருக்கலாம். ஆனால் அடியையும் அதற்கான மருத்துவத்தையும் சேர்த்தே கற்பிப்பது அந்த மரபு. ஆகவே அவனிடம், நீ வீழ்த்தியவனை உன் கையாலேயே இளக்கி எழுப்பாமல் அந்த இடத்தை விட்டு உன் பாத்திரம் நகர முடியாது என்றேன். கோட்டைக் காவலன் ஒருவனை வீழ்த்திவிட்டு, மற்ற காவலர்கள் ஓடிவரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவனுக்கு உயிர்ப்பூட்ட உட்கார்ந்த அந்த மாலையை எங்கள் மேசையில் எவரும் மறக்கவில்லை. நாளொன்றுக்கு எத்தனை முறை என்ற எண்ணிக்கை தேவைப்படவே இல்லை. அவனே அளந்து பயன்படுத்தினான்.

எல்லாக் குறைகளையும் நான் ஏற்பதில்லை. கூட்டாளிகளிடமே திருடும் குணத்தை ஒருவர் எடுத்தால், வலி அவருக்கு இல்லை, மற்றவர்களுக்குத்தான். கூலியை மட்டும் அவர் வாங்கிக்கொள்கிறார். திக்கிப் பேசுவதைக் குறையாக எடுத்து, அதை நடித்துச் சிரிப்பு மூட்டப் பார்த்த ஒருவனையும் நிறுத்தியிருக்கிறேன். என் வகுப்பில் திக்கிப் பேசிய பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களை யாரும் பகடைக்காக உருவாக்கவில்லை.

இப்போது என் திண்ணையில் நடைமுறை எளியது. ஆடுபவர் தம் பாத்திரத்தின் குறையை ஒரே வாக்கியத்தில் எழுதித் தருவார். முன்பணம் கிடையாது. கதையில் அந்தக் குறை அவரை உண்மையாகவே நட்டப்படுத்தும்போது, கிண்ணத்திலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து அவர் முன் வைப்பேன். அதைத் திருப்பிக் கொடுத்துப் பகடையை இன்னொரு முறை உருட்டிக்கொள்ளலாம். மூன்றுக்கு மேல் சேர்க்க முடியாது. சேர்க்கவிட்டால் சிலர் குறையை நாடகமாக்கிக் கொட்டை பொறுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். கோடரிக்காரப் பையன் வில்லைப் பற்றிய குறையை அடித்துவிட்டு, “சவால் விட்டால் பின்வாங்க மாட்டான்” என்று எழுதினான். அதற்குப் பிறகுதான் அவன் பாத்திரத்துக்கு எதிரிகளே கிடைத்தார்கள்.

கடைசியாக ஒரு வாக்கியம் வந்தது. முட்டம் பக்கத்துக் கல்லூரி மாணவி ஒருவர் எழுதியது. “கடற்கரையில் பிறந்தவள், ஆனால் படகில் கால் வைக்க மாட்டாள்.” வேறு ஊரில் இது வெறும் கற்பனையாக இருக்கலாம். 2017இல் ஒக்கிப் புயல் கொண்டுபோனவர்களை எண்ணிய கடற்கரை நம்முடையது. அதனால் மற்றவர்கள் எழுந்து போன பிறகு, இதைக் கதையில் எவ்வளவு தூரம் நான் பயன்படுத்தலாம் என்று அவரிடம் தனியாகக் கேட்டேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, படகு வரலாம், புயல் வர வேண்டாம் என்றார்.

அடுத்த ஞாயிறு கதை ஒரு தீவை நோக்கிப் போகிறது. படகைக் கரையில் நிறுத்தியிருக்கிறேன். வானத்தைத் தெளிவாக வைத்திருக்கிறேன்.

வணக்கம்.