பாட்டி வாசனை என்று சொன்னவருக்கு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை மாலையை எங்களுக்காக ஒதுக்கி இந்தச் சமூக மன்றத்துக்கு வந்திருக்கும் பெரியவர்களே, தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

"மனத்தில் நிற்பது பழைய பாணிப் பூ பவுடர் வாசனையா, புதிய பாணிப் புத்துணர்ச்சி வாசனையா?" என்பது இன்றைய தலைப்பு. பழைய பாணியே என்று பேச வந்திருக்கிறேன். ஆர்ச்சர்ட் சாலையில் ஒரு கடையின் வாசனைத் திரவியப் பகுதியில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். எனவே இது எனக்குப் பிழைப்பு, அதைவிடப் பெரிய பிரியம்.

எதிரணித் தலைவர் மூன்று குற்றச்சாட்டுகளை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பவுடர் மணக்கும் சென்ட் 'பாட்டி வாசனை' என்றார். சிங்கப்பூர் வெயிலில் அது மூச்சு முட்டும், எலுமிச்சையும் கடல்காற்றும் மணக்கும் புதிய சென்ட்தான் இங்கே பொருந்தும் என்றார். கடைசியாக, அது ஐரோப்பியப் பெண்களுடைய மேசைப் பொருள், நமக்கும் அதற்கும் என்ன உறவு என்று கேட்டார். அவர் பேசியபோது அரங்கம் கைதட்டியது, நானும் கவனித்தேன். ஆனால் அந்தக் குற்றச்சாட்டுகளில் ஒன்றுகூட நிற்காது என்பதுதான் என் கட்சி.

முதலில் அந்தப் பவுடர் மணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். குப்பிக்குள் பவுடர் எதுவும் இல்லை. ஐரிஸ் என்று ஒரு செடி. அதன் பூவைவிட மண்ணுக்குள் இருக்கும் கிழங்குக்குத்தான் வாசனை உலகில் மதிப்பு. இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில் அதைப் பயிரிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் வளரவிட்டுத் தோண்டி எடுக்கிறார்கள். தோண்டியவுடன் முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. தோலைச் சீவி, காயவைத்து, மேலும் மூன்று ஆண்டுபோல் சும்மா வைத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் ஐரோன் என்ற மணப்பொருள் மெல்ல மெல்ல உருவாகிறது. அதன்பிறகு அரைத்து, ஆவியில் வடித்தெடுத்தால் வெண்ணெய் போல ஒரு பொருள் கிடைக்கும். உலகத்தின் மிக விலையுயர்ந்த மணப்பொருள்களில் அதுவும் ஒன்று. நட்டதிலிருந்து குப்பிக்குள் போகும்வரை ஐந்தாறு ஆண்டுகள் ஒருவர் பொறுமையாக இருந்திருக்கிறார். அந்தப் பொறுமை வாசனையில் தெரியும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

பழைய நாள் ஐரோப்பாவில் முகத்துக்குப் போடும் பவுடருக்கும், பொய்முடிக்குத் தூவும் மாவுக்கும் இந்தக் கிழங்கைத்தான் அரைத்துக் கலந்தார்கள். அதனால்தான் இன்றும் ஐரிஸ் மணத்தை முகர்ந்தால் நமக்குப் பவுடர் நினைவு வருகிறது.

அதோடு வயலெட் பூ. அதன் எண்ணெயைப் பூவிலிருந்தே எடுத்த காலத்தில் அது பணக்காரர்களுக்கு மட்டும் கிடைத்த சரக்கு. 1893-இல் டீமான், க்ரூகர் என்ற இரண்டு ஜெர்மானிய வேதியியலாளர்கள் அயனோன் என்ற பொருளைச் செய்தார்கள், வயலெட் மணம் சாதாரண வீடுகளுக்கும் வந்தது. அதே 1893-இல்தான் நம் சிங்கப்பூரின் வாண்டா மிஸ் ஜோக்கிம் ஆர்க்கிட் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. எனக்குப் பிடித்த ஒற்றுமை இது, அதனால் சொல்லிவைக்கிறேன்.

இந்த அயனோனுக்கு ஒரு குணம் உண்டு. முகரும்போது மூக்கின் உணர்வைச் சற்று நேரம் மரத்துப்போகச் செய்துவிடும். வாசனை போய்விட்டது என்று நினைப்போம். சில நிமிடம் கழித்து அதுவே திரும்பி வரும். கையில் பூசிக்கொண்டு போகும் வாடிக்கையாளர்கள் கடையை ஒரு சுற்றுச் சுற்றி, மணிக்கட்டை முகர்ந்துகொண்டே திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். "எங்கேயோ போயிடுச்சுன்னு நினைச்சேன், மறுபடியும் வருதே" என்பார்கள். இப்படிக் கண்ணாமூச்சி ஆடும் வாசனை எதிரணியின் எலுமிச்சைக்குள் இருக்கிறதா?

எதிரணித் தலைவர் இன்னொன்றும் சொன்னார், வயலெட் சென்ட் தமக்குப் புளித்த நெடியாகத் தெரிகிறது என்று. அவர் சொன்னதை நான் அப்படியே நம்புகிறேன். அயனோனில் ஒரு வகையான பீட்டா அயனோனை உணரும் திறன் மனிதருக்கு மனிதர் வேறுபடுகிறது. அதில் பெரும்பங்கு ஒரே ஒரு மரபணுவைப் பொறுத்தது என்று 2013-இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். நன்றாக உணர்கிறவருக்கு அது பூ மணம். உணர்வு குறைந்தவருக்குப் புளிப்பான நெடி. ஐயா, உங்கள் மூக்கு பொய் சொல்லவில்லை. ஆனால் உங்கள் மூக்கை வைத்து இந்த அரங்கம் முழுவதற்கும் தீர்ப்பு எழுத முடியாது.

சரி, பாட்டி வாசனைக்கு வருகிறேன். எது பழையது, எது புதியது? எதிரணி கொண்டாடும் புத்துணர்ச்சி அலை எப்போது அடித்தது? லோ டிஸ்ஸே என்ற சென்ட் 1992-இல் வந்தது. சிகே ஒன் என்ற சென்ட் 1994-இல் வந்தது. அன்று இருபது வயதில் அவற்றைப் பூசிக்கொண்டு கல்லூரிக்குப் போனவர்களுக்கு இன்று ஐம்பது தாண்டிவிட்டது. அவர்களில் சிலர் பேரப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். வயதை வைத்துத்தான் பெயர் சூட்டுவது என்றால் உங்கள் கடல்காற்றும் பாட்டி வாசனைதான்.

எங்கள் பக்கம் பாருங்கள். ஃப்ரெடரிக் மால் நிறுவனத்தின் ஐரிஸ் பூத்ரும் லிப்ஸ்டிக் ரோஸும் 2000-இல் வந்தவை. பிராடாவின் இன்ஃப்யூஷன் டீரிஸ் 2007-இல் வந்தது. மூன்றுமே உங்கள் 'புதிய' வாசனைகளுக்குப் பிறகு பிறந்தவை. பழைய பாணியை எடுத்துக்கொண்டு புதிதாகச் செய்திருக்கிறார்கள். உண்மையிலேயே பழையது வேண்டுமானால் கெர்லானின் லெர் ப்ளூ இருக்கிறது, 1912-இல் செய்தது. 1921-இல் எர்னெஸ்ட் போ என்ற வாசனைக் கலைஞர் செய்த ஷனெல் நம்பர் ஃபைவ் இருக்கிறது. மல்லிகையும் ரோஜாவும், அவற்றின் மேல் ஆல்டிஹைட் என்ற பொருள் தரும் சோப்பு நுரை போன்ற பளபளப்பும் அதில். நூறு ஆண்டு தாண்டிய பிறகும் விற்கும் பொருளை வழக்கொழிந்தது என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு பக்கத்தையும் யோசித்துப் பாருங்கள். பாட்டி வாசனை என்றால் அது ஏன் குற்றமாக வேண்டும்? இந்த அரங்கத்தில் இருப்பவர்களில் எத்தனை பேர் பாட்டி மடியில் முகம் புதைத்துத் தூங்கியவர்கள்! குளித்து, பவுடர் போட்டு, தலையில் ஒரு துண்டு மல்லிகை வைத்து, வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கிளம்பும் பெண்களின் வாசனை அது. தன்னைப் பார்த்துப் பார்த்துத் தயார்செய்துகொண்ட ஒருவரின் வாசனை. இருபத்திரண்டு வயதுப் பெண்கள் கடைக்கு வந்து, "அக்கா, எங்க அம்மம்மா போட்ட பவுடர் மாதிரி ஒரு பெர்ஃபியூம் இருக்கா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி வரும் நாளில் எனக்கு வேலை செய்த களைப்பே தெரியாது.

வெயிலைப் பற்றி. பகலில் 31, 32 டிகிரி, காற்றில் எப்போதும் ஈரம். இந்த ஊரில் சூடு வாசனையை வேகமாகப் பரப்பும் என்பது உண்மை. ஆனால் எந்த வாசனையை? எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்களின் மூலக்கூறுகள் லேசானவை. சூடு பட்டால் அவைதான் முதலில் பறந்துபோகும். பீஷானில் பூசிக்கொண்டு ராஃபிள்ஸ் பிளேசில் இறங்குவதற்குள் உங்கள் எலுமிச்சை போய்விடும். மிச்சம் இருப்பது அடியில் போட்டிருக்கும் செயற்கை மரவாசனைதான், பல சென்ட்களில் அது ஒரே மாதிரி இருக்கும். எங்கள் பக்கத்து மணப்பொருள்களான அயனோன், கூமரின், வனிலின், கஸ்தூரி வகைகள் எல்லாம் கனமானவை. மெதுவாகக் கிளம்பும், மெதுவாகப் போகும். அலுவலகக் குளிர்சாதனத்தில் துணியோடு ஒட்டிக்கொண்டு அமைதியாக இருக்கும். மதிய வெயிலில் உணவங்காடிக்கு இறங்கினால் கொஞ்சம் எழுந்து நிற்கும், மறுபடி மேலே வந்தால் அடங்கும். சூட்டுக்கும் குளிருக்கும் நடுவில் நாள் முழுக்க ஓடும் நம் வாழ்க்கைக்கு இதைவிடப் பொருத்தமான நடத்தை உண்டா?

மின்தூக்கியில் மூச்சு முட்டியது என்றார்களே, அதையும் மறுக்கமாட்டேன். ஏழெட்டு முறை அடித்துக்கொண்டால் எந்தச் சென்ட்டும் மூச்சு முட்டும். ஆல்டிஹைட் அதிகம் உள்ள பழைய சென்ட்களுக்கு இந்த ஊரில் ஒரே ஒரு ஸ்ப்ரே போதும். அதையும் கழுத்தில் அடிக்காதீர்கள், முழங்கை மடிப்பிலோ சட்டைக்குள்ளோ அடியுங்கள். என்னிடம் வாங்கும் எல்லாரிடமும் இதைச் சொல்லித்தான் அனுப்புகிறேன். அப்படிப் பூசினால் அது ஒரு கை நீளத்துக்கு மேல் போகாது. பக்கத்தில் வந்து உட்காருபவருக்கும், கட்டிப்பிடிக்கும் பிள்ளைக்கும் மட்டும் தெரியும். எனக்கு இந்தப் பாணியில் மிகவும் பிடித்த இடம் அதுதான். அறைக்குள் நுழையும்போதே "நான் வந்துவிட்டேன்" என்று கத்தாத வாசனை அது.

இந்த வெயில் ஊருக்குப் பவுடர் ஒத்துவராது என்று சொல்வதற்கு முன்னால் நம் அக்கம்பக்கத்தைக் கேட்டிருக்கலாம். மலாய்க்காரர் வீடுகளிலும் பெரானாக்கான் வீடுகளிலும் அரிசியை ஊறவைத்து அரைத்துச் செய்யும் பெடாக் செஜுக் என்ற பவுடரை, முகத்துக்குக் குளிர்ச்சி தரத்தானே செய்தார்கள்? தேக்காவில் எந்த மளிகைக்கடைக்குள் நுழைந்தாலும் பவுடர் டப்பாக்கள் வரிசையாக அடுக்கியிருக்கின்றன. வெயில் ஊர்க்காரர்கள்தான் பவுடரை அதிகம் நேசித்தவர்கள். வியர்வைக்கும் எரிச்சலுக்கும் பிறகு உடம்பு அடையும் நிம்மதிக்கு நம் மூக்கில் பவுடர் வாசனைதான் இருக்கிறது.

ஆண்களுக்கு இதில் இடமில்லை என்ற பேச்சும் வந்தது. தேசிய சேவை முடித்த தம்பிகள் இங்கே நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். காட்டுக்குள் பயிற்சிக்குப் போய், குளிக்க வழியில்லாமல், இரவில் 'பவுடர் பாத்' எடுத்தீர்களே! உடம்பெல்லாம் பவுடர் கொட்டித் தேய்த்துக்கொண்டு படுத்தபோது அது பெண்கள் சமாச்சாரம் என்று யாராவது சொன்னீர்களா? 2005-இல் வந்த டியோர் ஓம் என்ற ஆண்கள் சென்ட்டின் நடுநாயகமே ஐரிஸ்தான். மனைவிக்கு வாங்க வந்துவிட்டுத் தமக்கும் அதை வாங்கிப் போன ஆண்களை நான் அறிவேன்.

இனி மிச்சமிருப்பது, நமக்கும் அதற்கும் என்ன உறவு என்ற கேள்வி. எனக்கு வருத்தம் தந்த கேள்வி இது, ஏனென்றால் கேட்டவர் தமிழர்.

மிளகில் காரம் தரும் பொருள் பிப்பெரின். அதிலிருந்து கிடைக்கும் ஓர் அமிலத்தை வைத்து, 1869-இல் ஃபிட்டிக், மீல்க் என்ற இருவர் ஒரு மணப்பொருளைச் செய்தார்கள். அதன் பெயர் ஹீலியோட்ரோபின். பாதாமும் வனிலாவும் கலந்தாற்போல மென்மையாக மணக்கும். லெர் ப்ளூவைப் போன்ற சென்ட்களின் பவுடர் மென்மையில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு வேறு வழிகளில் அதைச் செய்யக் கற்றுக்கொண்டார்கள், ஆனால் தொடக்கம் நம் ரசத்தில் விழும் மிளகு. பூவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மதுரைப் பக்கத்து மல்லிகையும் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஜாதிமல்லியும் சாறெடுக்கப்பட்டு உலகத்தின் பெரிய வாசனை நிறுவனங்களுக்குப் போகின்றன. பாரிஸில் தயாராகும் பூ வாசனைக்குள், விடியுமுன் தோட்டத்தில் குனிந்து மொட்டுப் பறித்த ஒரு தமிழ்ப் பெண்ணின் உழைப்பு இருக்கிறது. அந்தக் குப்பியைப் பார்த்து 'இது நம்முடையதில்லை' என்று எப்படிச் சொல்ல மனம் வருகிறது?

பூவையும் வாசனைப் பொடியையும் சேர்த்து ரசிப்பதை நமக்கு யாரும் கப்பலில் கொண்டுவந்து சொல்லித்தரவில்லை. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகர வீதியில் வாசனைப் பொடியும் சந்தனமும் பூவும் அகிற்புகையும் விற்றுத் திரிகிறார்கள். இன்று கேம்பல் லேனில் பூச்சரம் தொங்கும் கடைகளைத் தாண்டி, சிராங்கூன் சாலைக்குள் திரும்பி, சாம்பிராணியும் சந்தனமும் கலந்த காற்றில் நடந்து பாருங்கள். அந்த நடையை ரசிக்கும் மூக்குக்குப் பூ பவுடர் சென்ட் அந்நியமாக இருக்க முடியாது.

மணி அடித்துவிட்டார்கள், நடுவர் அவர்களே, ஒரு நிமிடம்.

எதிரணியின் அடுத்த பேச்சாளரிடம் ஒரே ஒரு கேள்வி. தங்கை, நீங்கள் காலையில் பூசிக்கொண்ட அந்தக் கடல்காற்று வாசனை, நான் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இந்த ஒரு மணி நேரமாக என் மூக்குக்கு எட்டவில்லை. உங்கள் கைக்குட்டையை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, அதில் இப்போது என்ன மிச்சமிருக்கிறது என்று இந்த அவைக்குச் சொல்லிவிட்டு உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள்.

நன்றி, வணக்கம்.