ஆன் ஃபயர் தட்டில் குரல் ஏன் எட்ட நின்று பாடுகிறது?

இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மூன்று நாளாக மனதில் சுமந்துகொண்டிருக்கிறேன். ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "கேலக்ஸி 500 என்ற அமெரிக்க ராக் குழுவின் ஆன் ஃபயர் எல்.பி. இசைத்தட்டு வாங்கினேன் அண்ணா. குரல் பக்கத்து வீட்டில் பாடுவது போல எட்டக் கேட்கிறது. கடைசிப் பாட்டில் கரகரப்பு வேறு. ஊசி போய்விட்டதா, தட்டு போலியா?"

தம்பி, இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். குரல் எட்டக் கேட்பது குறையே இல்லை. 1989-இல் வந்த இந்த ஆல்பத்தைப் பதிவு செய்தவர் நியூயார்க்கில் ஸ்டுடியோ வைத்திருந்த கிரேமர். பாடி, கிதார் வாசிக்கும் டீன் வேர்ஹாமுக்கு உச்சத்தில் போனால் லேசாக உடைகிற குரல். அதன்மேல் கிரேமர் எதிரொலியைத் தாராளமாகப் போர்த்திவிட்டார். அதே ஆண்டு, இவர்களைப் போலவே பாஸ்டன் பக்கத்திலிருந்து வந்த பிக்சிஸ் என்ற ராக் குழு கத்திக் கலக்கிக்கொண்டிருந்தது. கேலக்ஸி 500-இல் மூன்றே பேர், இரண்டு மூன்று கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களை) வைத்துக்கொண்டு அவசரமே இல்லாமல் வாசித்தார்கள். அந்த இடைவெளிக்காகத்தான் இந்த ஆல்பம் எனக்கு உயிர்.

கரகரப்புக்கு வருவோம். அதற்கு நெல்லடிக்கும் களத்துக்குப் போவோம். மாடுகளை வரிசையாகப் பிணைத்து வட்டமாகப் பிணையல் ஓட்டும்போது உள்ளே கட்டிய மாடு நின்ற இடத்திலேயே திரும்பும். வெளி மாடுதான் ஓடியாக வேண்டும். தட்டும் அப்படித்தான். நிமிடத்துக்கு 33⅓ சுற்று மாறாது. ஆனால் வெளிவிளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. நீளத்துக்குப் பாட்டு பதிந்த பள்ளம் ஓடுகிறது, நடுவில் ஒட்டிய லேபிள் அருகே சுமார் 20 செ.மீ.தான். அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுத வேண்டும். அதைப் பின்தொடர ஊசி திணறுவதால்தான் கரகரப்பு. இந்தத் தட்டில் அங்கே மாட்டிக்கொள்வது கடைசிப் பாட்டு, பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் எழுதிய 'இஸ்ன்ட் இட் எ பிட்டி'. நீண்டு இழுக்கும் பாட்டு, பாவம்.

என் தட்டிலும் இதே கதைதான். தேய்ந்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். அப்புறம் நகை வேலை செய்பவர்கள் கண்ணில் மாட்டும் லென்ஸால் ஊசியைப் பார்த்தால், முனையில் சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சு உருண்டை! பின்பக்கமிருந்து முன்பக்கமாக மெல்ல பிரஷ்ஷால் இழுத்தேன். பாதிக் கரகரப்பு போயிற்று. மீதி அந்தப் பள்ளத்துக்குரியது.

போலித் தட்டா என்றால், கடையைப் பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் முறையான மறுபதிப்புகள் உண்டு. இதை வெளியிட்ட ரஃப் டிரேட் நிறுவனம் 1991-இல் திவாலானபோது மூல நாடாக்கள் ஏலத்துக்கு வந்தன. டிரம்ஸ் வாசித்த டேமன் க்ருகோவ்ஸ்கியே போய் எடுத்துவிட்டார். எவ்வளவு நல்ல காரியம்!

சரி, நீங்கள் கேட்காத ஒன்று: இதில் மெட்டு யார் கையில் இருக்கிறது? நான் சொல்வேன், பேஸ் கிதார் வாசித்த நவோமி யாங் கையில். அடியில் தும் தும் என்று நிற்காமல் மேல் கட்டைகளுக்கு ஏறிப் பாடுவார். டீனின் கிதார் சும்மா மீட்டிக்கொண்டிருக்கும்போது, பாட்டை நடத்திப் போவது அந்த பேஸ்தான். தட்டின் அட்டையை வடிவமைத்ததும் அவரே. ஊசியைத் துடைத்துவிட்டு முதல் பாட்டு 'புளூ தண்டர்' போடுங்கள். குரலை விட்டுவிட்டு அவரை மட்டும் பின்தொடருங்கள், தம்பி. எந்த இடத்தில் பிடிபட்டது என்று எனக்கு எழுதுங்கள்.