கோபுரத்துக்கு அடியில் கிடைத்த இடம்

வணக்கம். பழைய வழிபாட்டுத் தலத்துக்குள் லிஃப்ட் வைக்கலாமா, கழிவறை கட்டலாமா, கண்காட்சிக்கு ஓர் அறை எடுக்கலாமா என்று யார் கேட்டாலும், நான் முதலில் சொல்வது இங்கிலாந்தில் உள்ள யார்க் மின்ஸ்டர் பேராலயத்தைப் பற்றித்தான். அங்கே தரைக்கு அடியில் இன்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனால் அருங்காட்சியகம் கட்டுவதற்காக அங்கே தோண்டவில்லை, நடுக்கோபுரம் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் தோண்டினார்கள்.

பேராலயத்தின் கட்டடப் பராமரிப்பைப் பார்த்துக்கொண்ட கட்டடக்கலைஞர் பெர்னார்ட் ஃபீல்டன், 1967இல் நிலைமை ஆபத்தானது என்று வெளிப்படையாகச் சொன்னார். ஏறத்தாழ 16,000 டன் எடையுள்ள அந்தக் கோபுரம் நான்கு பெரிய தூண்களின் மேல் நிற்கிறது, அந்தத் தூண்களோ அதற்கு முன் அங்கிருந்த நார்மன் காலத்துத் தேவாலயத்தின் அஸ்திவாரத்தின் மேல் நிற்கின்றன. அதாவது வேறொரு கட்டடத்துக்காகப் போட்ட அஸ்திவாரம். 1407இலேயே ஒரு கோபுரம் அங்கே இடிந்து விழுந்திருக்கிறது, அப்புறமும் அதே இடத்தில் மறுபடி எழுப்பினார்கள்.

சரி, அஸ்திவாரத்தை அகலப்படுத்தினால் போதாதா? பழைய கல்லைச் சுற்றிக் கான்கிரீட்டைக் கொட்டிவிடலாம், ஆனால் புதுக் கான்கிரீட்டுக்குக் கீழே உள்ள மண் இன்னும் எந்தச் சுமையையும் தாங்கிப் பழகவில்லை, அதனால் கோபுரம் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கினால்தான் புதுப் பகுதி சுமையில் பங்கு எடுக்கும், ஏற்கெனவே விரிசல் விட்ட கோபுரத்தை இன்னும் இறங்க விடலாமா? இந்த இடத்தில்தான் பொறியாளர்கள் செய்த வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். கான்கிரீட்டை இரண்டு அடுக்காகப் போட்டு, இடையில் தட்டையான ஜாக்குகளை, அதாவது உள்ளே அழுத்தம் ஏற்றினால் உப்பி இருபுறமும் தள்ளும் கருவிகளை வைத்து, அழுத்தம் கொடுத்துக் கீழ் அடுக்கை மண்ணுக்குள் தள்ளினார்கள். இறங்க வேண்டிய இறக்கத்தை மண் முன்கூட்டியே இறங்கிவிட்டது, கோபுரம் இறங்க வேண்டிய அவசியம் பெருமளவு குறைந்தது. பிறகு பழைய கல்லும் புதுக் கான்கிரீட்டும் ஒன்றாக வேலை செய்ய, துளையிட்டு, துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைக் கோத்து இறுக்கிக் கட்டினார்கள். சாதாரண இரும்பு போட்டிருந்தால் துரு ஏறிப் பருத்து, காப்பாற்ற வந்த கம்பியே கல்லைப் பிளந்திருக்கும்.

தோண்டும்போது கீழே ரோமானியப் படைத்தளத்தின் தலைமையகம் தென்பட்டது. பேராலயத்தின் திசைக்கும் அதன் திசைக்கும் சம்பந்தமே இல்லை, குறுக்காகக் கிடந்தது. கோபுரம் ஆபத்தில் நிற்க, தொல்லியலாளர்களும் தொழிலாளர்களும் ஒரே குழிக்குள் மாறி மாறி வேலை பார்த்தார்கள். வண்ணம் தீட்டிய ரோமானியச் சுவர்ப் பூச்சுகூடக் கிடைத்தது.

வேலை 1972இல் முடிந்தது. தோண்டிய குழியை மண் போட்டு நிரப்பாமல், மேலே கான்கிரீட் தளம் போட்டு, கீழே கிடைத்த வெற்றிடத்தை மக்கள் நடந்து பார்க்கும் இடமாக விட்டார்கள். இன்று அங்கே போகிறவர்கள் ரோமானியச் சுவரையும், நார்மன் அஸ்திவாரத்தையும், அதை அணைத்துப் பிடித்திருக்கும் கான்கிரீட்டையும், அதில் வரிசையாகத் தெரியும் எஃகுக் கம்பி முனைகளையும் ஒரே இடத்தில் பார்க்கிறார்கள். கான்கிரீட்டுக்குக் கல் மாதிரி வேஷம் போடவில்லை என்பது எனக்குப் பெரிய விஷயம்.

அதனால்தான் அறை எங்கே வரும் என்று வரைபடத்தை நீட்டுகிறவர்களிடம், பக்கத்துத் தூணுக்கு அடியில் என்ன இருக்கிறது, எத்தனை டன் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் கேட்கிறேன். பதில் இல்லை என்றால், சுவரை ஒட்டி ஒரு குழாய்க்கான பள்ளம்கூட வெட்ட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.