பதினேழு வயதிலேயே வாக்காளர் பட்டியலுக்கு விண்ணப்பிப்பது எப்படி?

[திரையில்: ஒரு பிளஸ் டூ வகுப்பறை. கரும்பலகையில் நான்கு தேதிகள்.]

வணக்கம். பிளஸ் டூ வகுப்பு ஒன்றில் போய் நின்று, "ஓட்டுப் போட எத்தனை வயசு ஆகணும்?" என்று கேட்டால் மொத்த வகுப்பும் பதினெட்டு என்று கத்தும். "சரி, பட்டியலில் பெயர் சேர்க்க விண்ணப்பம் போட எத்தனை வயசு?" என்று கேட்டுப் பாருங்கள். சத்தம் பாதியாகக் குறையும். அதற்கும் பதினெட்டுதான் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. இல்லை. பதினேழு நிரம்பினாலே போடலாம். இந்த வீடியோ அதற்குத்தான்.

நம் நாட்டில் ஓட்டுரிமை வயது 21 ஆக இருந்தது. அரசியல் சட்டத்தின் 61-வது திருத்தம் அதை 18 ஆக்கியது. அது நடைமுறைக்கு வந்தது 1989 மார்ச் 28-ம் தேதி. ஆனாலும் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. பதினெட்டு நிரம்பிவிட்டதா என்று பார்க்க வருடத்துக்கு ஒரே ஒரு நாள்தான், ஜனவரி 1. நீங்கள் ஜனவரி 2-ம் தேதி பிறந்தவரா? பதினெட்டு முடிந்தும் கிட்டத்தட்ட ஒரு வருடம் சும்மா காத்திருக்க வேண்டும். நடுவில் ஒரு தேர்தல் வந்து போனால் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

2022 ஆகஸ்டிலிருந்து அது மாறியது. இப்போது நான்கு தகுதி நாட்கள்: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1.

[திரையில்: இரண்டு பிறந்த தேதிகள் அருகருகே.]

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 2009 ஆகஸ்ட் 14-ம் தேதி பிறந்திருக்கிறார். 2027 ஆகஸ்ட் 14-ல் பதினெட்டு நிரம்பும். அவருடைய தகுதி நாள் 2027 அக்டோபர் 1. பக்கத்து பெஞ்சுக்காரர் பிறந்தது 2009 அக்டோபர் 2. அக்டோபர் 1-ஐ ஒரே நாளில் தவற விட்டுவிட்டார், அதனால் அவருக்கு 2028 ஜனவரி 1. இருவருமே பதினேழு நிரம்பியதும் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் காத்திருக்கும், உரிய காலாண்டு வந்ததும் பரிசீலித்துப் பெயரைச் சேர்ப்பார்கள்.

பள்ளியில் இருக்கும்போதே போட்டுவிடுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. பிளஸ் டூ முடிந்ததும் ஆளுக்கொரு திசை. ஒருத்தர் கோயம்புத்தூரில் ஹாஸ்டல், இன்னொருத்தர் திருப்பூரில் வேலை. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வீட்டுப் பீரோவில், ஆதார் அட்டை கையில், சந்தேகம் கேட்க டீச்சர் எதிரில் என்று எல்லாம் ஒரே இடத்தில் அமைவது இந்த ஒரு வருடம்தான்.

உதவி செய்யும் ஆசிரியர்களுக்கும் அண்ணன், அக்காக்களுக்கும் ஒரு வார்த்தை. வகுப்பு மொத்தத்துக்கும் ஒரே மூச்சில் போட்டு முடித்துவிட நினைக்காதீர்கள். விண்ணப்பதாரர் தரும் முக்கியமான உறுதிமொழியே "நான் இந்தியக் குடிமகன்" என்பதுதான். ஆதார் இருந்தாலே குடியுரிமை இருக்கிறது என்று அர்த்தமில்லை. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வரும் பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கலாம். கையில் ஆதாரும் இருக்கலாம். குடியுரிமை இல்லாமல் அந்தப் பிள்ளை விண்ணப்பித்தால் அது பொய் உறுதிமொழி ஆகிவிடும். 1950-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31-வது பிரிவு அதற்கு ஓராண்டு வரை சிறை என்கிறது. நல்லது செய்யப்போய் ஒரு பிள்ளையை வம்பில் மாட்டிவிடக் கூடாது. எல்லார் முன்னாலும் "நீ எந்த ஊர், உனக்குக் குடியுரிமை இருக்கா" என்று விசாரிக்கவும் கூடாது. தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

சரி, இப்போது வேலைக்கு வருவோம்.

[திரையில்: கைப்பேசியில் தேர்தல் ஆணையத்தின் பக்கம்.]

முகவரி: வோட்டர்ஸ் டாட் ஈசிஐ டாட் ஜிஓவி டாட் இன். கட்டணம் ஒரு பைசா கிடையாது. பிரவுசிங் சென்டரில் ஐம்பதோ நூறோ வாங்கினால் அது அவருடைய வேலைக்கான கூலி. அங்கே போவதில் தப்பில்லை. ஆனால் அவசரத்தில் கடைக்காரர் தன்னுடைய மொபைல் எண்ணைப் போட்டுவிட்டால், உங்கள் விண்ணப்பத்தைப் பற்றி வரும் செய்தியெல்லாம் அவருக்குத்தான் போகும். எண் உங்களுடையதாகவோ அம்மா, அப்பாவுடையதாகவோ இருக்கட்டும்.

அப்புறம், ஆதாரில் எந்த எண் இணைந்திருக்கிறது என்று முதலிலேயே பாருங்கள். 2025 செப்டம்பரில் இந்தத் தளத்தில் ஆதார் வழி இ-கையொப்பம் வந்தது. ஆதாரோடு இணைந்த எண்ணுக்கு ஓடிபி வரும். மூன்றாம் வகுப்பில் ஆதார் எடுத்தபோது அப்பா கொடுத்த சிம் இன்று உயிரோடு இருக்கிறதா? பல பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். எண் செத்துப்போயிருந்தால் ஆதார் மையத்தில் மாற்றிவிட்டு வாருங்கள். அலைய முடியாதென்றால் காகிதத்தில் படிவம் 6, அதாவது புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம், நிரப்பி, உங்கள் பகுதி வாக்காளர் பட்டியலைக் கவனிக்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுக்கலாம். ஆன்லைனில் போட்டால்தான் செல்லும் என்று சட்டம் எதுவும் இல்லை.

மொபைல் எண்ணைக் கொடுத்துக் கணக்குத் தொடங்கி உள்ளே போனதும் படிவங்கள் வரிசையாக இருக்கும். புதிதாகச் சேர்பவருக்குப் படிவம் 6. படிவம் 8 என்பது ஏற்கெனவே பெயர் உள்ளவர் திருத்தவும் முகவரி மாற்றவும்.

முதலில் மாவட்டமும் சட்டமன்றத் தொகுதியும் கேட்கும். தமிழ்நாட்டில் 234 சட்டமன்றத் தொகுதிகள். உங்களுடையது எது என்று யோசித்துக்கொண்டு நிற்க வேண்டாம். அம்மாவின் வாக்காளர் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கம் இருக்கும். அந்த அட்டையிலுள்ள எண்ணையும் குறித்து வையுங்கள். மூன்று எழுத்து, ஏழு இலக்கம். குடும்பத்தில் ஒருவருடைய எண் கேட்கும் இடத்தில் அதைப் போடலாம். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிர திருத்தத்தின்போது படிவம் 6 உடன் தனியாக ஓர் உறுதிமொழிப் படிவமும் கேட்டார்கள். பெற்றோரின் வாக்காளர் விவரம் அதற்கும் தேவைப்பட்டது.

அடுத்தது பெயர். இங்கே மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

[திரையில்: பெயர்க் கட்டம். ஆங்கிலப் பெட்டி, கீழே தமிழ்ப் பெட்டி.]

வடக்கே வடிவமைத்த படிவங்களில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி இருக்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல்தான். உங்கள் பெயர் யாழினி, அப்பா செல்வம் என்று வைத்துக்கொள்வோம். மார்க் ஷீட்டில் "யாழினி செ", ஆதாரில் "யாழினி செல்வம்", பள்ளி வருகைப் பதிவேட்டில் "செ. யாழினி". மூன்றும் ஒரே ஆள்தான், ஆனால் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. இ-கையொப்பம் ஆதாரை வைத்து நடப்பதால், ஆதாரில் உள்ளபடியே போடுவது நல்லது. மார்க் ஷீட்டில் பிறந்த தேதியோ பெயரோ வேறாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு என்று பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அது உதவும்.

ஆங்கிலப் பெட்டியில் தட்டியதும் கீழே தமிழ்ப் பெயர் தானாக விழும். மெஷின் போடும் தமிழ் அது. ழகரம் இருக்கிற பெயர் என்றால் உஷார். யாழினியின் 'ழி' 'ஜி'யாகலாம். தமிழரசியின் 'த' 'ட'வாகலாம். அங்கே கையால் திருத்த முடியும். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துத் திருத்துங்கள். நம்மூரில் ஒட்டப்படும் பட்டியல் தமிழில்தான் இருக்கும். வாக்குச்சாவடியில் முகவர்கள் விரலை வைத்துத் தேடுவது அந்த எழுத்தைத்தான்.

உறவினர் பெயர் கேட்குமிடத்தில் அப்பா பெயர்தான் போட வேண்டும் என்றில்லை. அம்மா பெயர் போடலாம். பெற்றோர் இல்லாத பிள்ளைக்குச் சட்டப்படியான காப்பாளர் பெயர் போதும். திருநங்கை, திருநம்பியருக்குக் குரு பெயர் போடவும் இடமிருக்கிறது.

புகைப்படம் வெள்ளைப் பின்னணியில், கலரில். வயதுக்கு ஆதார், பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் என்று ஏதாவது ஒன்று. முகவரிக்கு ஆதார் அல்லது வங்கிப் புத்தகம் இருக்கலாம். உங்கள் பெயரில் எதுவும் இல்லையா? அப்பாவோ அம்மாவோ அதே முகவரியில் ஏற்கெனவே வாக்காளராக இருந்தால் அவர் பெயரிலுள்ள கரண்ட் பில் போதும்.

விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் எந்த முகவரியைக் கொடுப்பது? சொந்த வீடு, விடுதி இரண்டில் எதில் வேண்டுமானாலும் சேரலாம், ஆனால் ஒன்றில் மட்டும். விடுதி என்றால் கல்வி நிலையத் தலைவரிடம் சான்று வாங்க வேண்டும். என்னைக் கேட்டால் பிளஸ் டூ பிள்ளைகள் வீட்டு முகவரியே கொடுக்கலாம். விடுதி ஒரு வருடத்தில் மாறிவிடும். இரண்டு இடத்தில் பெயர் இருப்பது சட்டப்படி தவறு, அதனால் பிற்காலத்தில் நிரந்தரமாக இடம் மாறினால் படிவம் 8 போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

[திரையில்: விண்ணப்பக் குறிப்பெண் வரும் பக்கம்.]

அனுப்பியதும் ஒரு குறிப்பெண் வரும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று அதை வைத்துத்தான் பார்க்க முடியும். சந்தேகம் என்றால் 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். விண்ணப்பத்தை நிராகரித்தால் பதினைந்து நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறது. அட்டை தபாலில் வரும். அதற்கு முன்னால் பட்டியலில் பெயர் ஏறிவிட்டதா என்று பாருங்கள். பட்டியலில் பெயர் இல்லாமல் அட்டை மட்டும் கையில் இருந்து பிரயோஜனமில்லை.

விசாரிக்க வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வருவார். யாரோ பெரிய அதிகாரி என்று பயப்பட வேண்டாம். சின்ன வயதில் உங்களுக்குச் சத்துமாவு கொடுத்த அங்கன்வாடி அக்காவாகவே அவர் இருக்கலாம். அவர் வரும் நேரம் நீங்கள் டியூஷனில் இருப்பீர்கள், அம்மா வேலைக்குப் போயிருப்பார், வீட்டில் பாட்டி மட்டும் இருப்பார். "யாழினின்னு இங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டால், பிறந்ததிலிருந்து உங்களைக் குட்டிம்மா என்றே கூப்பிடும் பாட்டி, "அப்படி யாரும் இல்லையேம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுவார். படிவத்தில் என்ன பெயர் போட்டீர்கள் என்று இன்றைக்கே அவரிடம் ஒரு தடவை சொல்லி வையுங்கள்.