எந்த உழைப்பு கணக்கில் வருகிறது?

நேயர்களுக்கு வணக்கம். துணையின்றித் தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் ஏழைத் தாய்க்கு அரசு பணம் கொடுத்தால், பதிலுக்கு அவள் சம்பள வேலைக்குப் போயாக வேண்டுமா? அமெரிக்காவில் நெடுங்காலமாக நடந்துவரும் இந்த வாதத்துக்கு அந்நாட்டின் சட்டம் 1996இல் எழுதிய விடையைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள் அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டம், தகுதியுள்ள குடும்பம் எதுவானாலும் உரிமையாகப் பெற்றுவந்த ரொக்க உதவியை நிறுத்திவிட்டு, மாநிலங்களுக்கு ஆண்டுதோறும் ஒரே அளவிலான மானியத்தைப் பிரித்துக் கொடுத்தது. மத்திய அரசின் பணத்தில் ஒரு குடும்பம் வாழ்நாளில் 60 மாதங்களுக்கு மேல் உதவி பெறக்கூடாது என்பது பொதுவிதி. தாய் வாரத்துக்கு 30 மணி நேரம், பிள்ளைக்கு ஆறு வயது நிரம்பாவிட்டால் 20 மணி நேரம், வேலையில் இருந்தால்தான் மாநிலம் அவளை வேலை செய்பவராகக் கணக்குக் காட்டலாம். எவையெல்லாம் வேலை என்று சட்டமே பன்னிரண்டு இனங்களைச் சொல்கிறது. பன்னிரண்டாவது இனத்தைப் படித்தபோது நான் சற்று நேரம் அதைத் தாண்டிப் போகவில்லை. சமூகசேவைத் திட்டத்தில் பணிபுரியும் இன்னொருவரின் குழந்தையைப் பார்த்துக்கொள்வது வேலை என்கிறது அது. தன் வயிற்றில் பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டி, உணவூட்டி, தூங்கவைக்கும் உழைப்புக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தாய்க்கு மாநிலங்கள் விலக்கு அளிக்கலாம் என்பதோடு சட்டத்தின் இரக்கம் பெரும்பாலும் முடிந்துபோகிறது.

1935இல் இந்த உதவி தொடங்கப்பட்டபோது எண்ணம் இதற்கு நேர்மாறாக இருந்தது: கணவனை இழந்த தாய் பிள்ளைகளை விட்டு வேலைக்கு ஓடக்கூடாது என்பதற்காகவே பணம் கொடுத்தார்கள். ஆனால் அந்தச் சலுகை எல்லாத் தாய்மாருக்கும் வாய்க்கவில்லை. தென் மாநிலங்கள் சிலவற்றில் பருத்தி எடுக்கும் பருவம் வந்ததும் கறுப்பினத் தாய்மாரின் உதவியை நிறுத்தி, அவர்களை வயலுக்குப் போக வைத்தார்கள். சலவைக்கூடத்தில் உழைத்து ஆறு பிள்ளைகளை வளர்த்த ஜானி டில்மன், உதவி பெறும் தாய்மாரைச் சங்கமாகத் திரட்டியவர். பிள்ளை வளர்ப்பும் வீட்டு வேலையும் உண்மையான வேலைதான், அதற்கு வாழத்தக்க ஊதியம் தர வேண்டும் என்று அவர் 1972இலேயே எழுதினார். அவர் சொன்னதே சரி என்பது என் உறுதியான கருத்து.

1996 சட்டம் கொண்டுவந்த சீர்திருத்தத்தை ஆதரிப்பவர்கள் காட்டும் சான்றை நான் ஒதுக்கவில்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் தனித்தாய்மார் பெருந்தொகையாக வேலையில் சேர்ந்தார்கள், உதவி பெறும் குடும்பங்களின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. ஆனால் அதே காலத்தில் பொருளாதாரம் செழித்திருந்தது. குறைந்த சம்பளக்காரர்களின் கையில் கூடுதல் பணம் சேர்க்கும் வரிச்சலுகையை 1993இலேயே பெரிதாக்கியிருந்தார்கள். பெருமையில் எவ்வளவு சட்டத்துக்குச் சேரும் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. உதவியிலிருந்து விலகியவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலையும் இல்லை, ரொக்கமும் இல்லை என்பதும் அந்தக் கணக்கோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டியதே.

இப்படி ஒரு காலையை எண்ணிப் பாருங்கள். கடையில் வேலை பார்க்கும் ஒரு தாய்க்கு ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறுகிறது. விடியலில் எழுப்பும்போது மூன்று வயதுப் பிள்ளையின் உடம்பு கொதிக்கிறது. காய்ச்சலுள்ள பிள்ளையைப் பகல்நேரக் காப்பகம் சேர்த்துக்கொள்ளாது. அவள் கடைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, ஈரத்துணியை நெற்றியில் மாற்றி மாற்றிப் போட்டபடி நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறாள். வார முடிவில் மேற்பார்வையாளர் கையெழுத்திட வேண்டிய நேரத்தாளில் எட்டு மணி நேரம் குறைகிறது. தக்க காரணத்தைத் தாள்களோடு நிரூபிக்காவிட்டால் உதவித்தொகை குறைக்கப்படலாம். அன்று அவள் உழைக்கவில்லை என்று யாரால் சொல்ல முடியும்?

மாநிலங்களுக்குத் தரும் மானியமோ ஆண்டுக்கு ஏறத்தாழ 1,650 கோடி டாலர் என்ற அளவிலேயே நின்றுவிட்டது. விலைவாசி ஏறியதில் அதன் மதிப்பு ஏறக்குறைய பாதியாகத் தேய்ந்துவிட்டது. அதிலும் ரொக்க உதவியாகக் குடும்பங்களின் கைக்குப் போவது கால்பங்கு அளவே. எஞ்சியதை மாநிலங்கள் வேறு செலவுகளுக்குத் திருப்பிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது.

வேறு வழி இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு 2021ஆம் ஆண்டைக் காட்டுவேன். அவ்வாண்டு ஜூலை முதல் டிசம்பர் வரை, மிக உயர்ந்த வருமானக்காரர்கள் நீங்கலாக, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை ஒன்றுக்கு மாதம் 300 டாலர் வரையும், மூத்த பிள்ளைக்கு 250 டாலர் வரையும் அரசு குடும்பங்களுக்கு அனுப்பியது. தாய் வேலைக்குப் போகிறாளா என்று அது கேட்கவில்லை. வரிச்சலுகைகளையும் அரசு உதவிகளையும் வருமானத்தோடு சேர்த்துப் பார்க்கும் அரசின் துணை வறுமை அளவீட்டின்படி, பிள்ளைகளின் வறுமை விகிதம் அந்த ஆண்டு 5.2 சதவீதத்துக்கு இறங்கியது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதை நீட்டிக்கவில்லை. 2022 ஜனவரியில் பணம் வரவில்லை; அந்த ஆண்டுக்கான விகிதம் 12.4 சதவீதம்.